கவர்பொருள்: 'ஆம்பிகுயிட்டி'க்கு ஒரு தமிழ்ச்சொல்

'ஆம்பிகுயிட்டி' என்பதைப் பொருள் மயக்கம் என்றே பெரும்பாலும் எழுதுகிறோம். தவறில்லை. ஆனால் மயக்கம் எல்லாவகைத் தெளிவின்மைக்கும் பொதுவான சொல். ஆம்பிகுயிட்டியோ ஒரே தொடருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் கொள்ள இடமிருப்பது. இலத்தீனில் 'ஆம்பி' இருபுறம், 'அகெரே' ஓட்டுதல். தமிழில் இதற்கு அருகே நிற்கும் சொல் கவர்: கிளைத்துப் பிரிவது. தண்டியலங்காரம் செய்யுள் வழுக்களில் ஒன்றைக் 'கவர்படு பொருள்மொழி' என்றே குறிக்கிறது. அதனால் 'கவர்பொருள்' என்பதே எனக்கு உகந்ததாகப் படுகிறது.

ஆங்கிலத்தில் இது அடிக்கடி நேரும் இடம் 'பேரலல் ஸ்ட்ரக்சர்'. பேரலல் கிரேக்கச் சொல். ஒன்றுக்கொன்று பக்கத்தில் என்று பொருள். தமிழில் இணையமைப்பு எனலாம். 'அண்ட்', 'ஆர்' இணைப்பவை ஒரே வடிவில் இருக்க வேண்டும் என்பது விதி. எதோடு எது இணைகிறது என்பது தெரியாதபோது பொருள் கவர்படுகிறது.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலச் சட்டமொன்று மிகைநேர ஊதியம் பெறாத வேலைகளை அடுக்கியது: கேனிங், பிராசசிங், ஸ்டோரிங் என்று வந்து, 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்' என முடிந்தது. விநியோகம் தனி வேலையா, அனுப்பவோ விநியோகிக்கவோ பொதிவதுதான் வேலையா? மற்ற வேலைகளெல்லாம் 'இங்' விகுதியில் முடிய, டிஸ்ட்ரிபியூஷன் மட்டும் ஷிப்மென்ட்டைப் போலப் பெயர்ச்சொல்லாக நிற்கிறதே என்று பாலை விநியோகிக்கும், ஆனால் பொதியாத வண்டி ஓட்டுநர்கள் மிகைநேர ஊதியம் கேட்டு வாதாடினார்கள். ஷிப்மென்ட்டுக்குப் பின் காற்புள்ளியும் இல்லை. 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2018இல் வழக்கு 50 லட்சம் டாலருக்குச் சமரசமானது. பிறகு சட்டத்தில் அந்தச் சொல்லை 'டிஸ்ட்ரிபியூட்டிங்' என்று மாற்றி, அரைப்புள்ளிகளும் இட்டார்கள்.

இன்னொன்று: 'ஷி செட் தட் த டீச்சர் வாஸ் லேட் அண்ட் த கிளாஸ் வாஸ் கேன்சல்டு.' வகுப்பு ரத்தானதைச் சொன்னது அவளா, எழுதியவரா? 'அண்ட்'டுக்குப் பிறகு இன்னொரு 'தட்' போட்டால் அவள் சொன்னதாகிவிடும். தமிழில் இந்தச் சிக்கலை எளிதில் தவிர்க்கலாம். 'என்று' ஒவ்வொரு கூற்றின் முடிவிலும் நின்றால் போதும்: 'ஆசிரியர் வரத் தாமதமாகிறது என்றும் வகுப்பு ரத்து என்றும் சொன்னாள்' என்பதில் யார் சொன்னது என்ற ஐயமில்லை.

அடைமொழி வந்தால் நமக்கும் இதே தொல்லை. 'வயதான ஆண்களும் பெண்களும்': பெண்களும் வயதானவர்களா? ஆண்கள் மட்டுமென்றால் 'பெண்களும் வயதான ஆண்களும்' என்று மாற்றி எழுதலாம். இருவருமே என்றால் 'வயதான' என்பதை இரண்டு முறை எழுதிவிடுவதே நல்லது.