மறக்கப்போகும் நேரத்தில் ஒரு கேள்வி

மேல்கை எலும்பு நடுவில் முறிந்தால் எந்த நரம்பு அடிபடும்? ரேடியல் நரம்பு. மணிக்கட்டைத் தூக்க முடியாமல் கை தொங்கிவிடும். எம்.பி.பி.எஸ். முதலாண்டில் இதைப் படிக்காதவர் இல்லை. ஆனால் மருத்துவ மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வான நீட் பிஜி எழுத உட்காரும்போது இது பல வருடப் பழைய பாடம். மொத்தம் 19 பாடங்கள் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும்.

நம்மில் பலர் செய்வது, கோடு போட்ட பக்கங்களையே திரும்ப வாசிப்பது. வாசிக்க வாசிக்க எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். அந்த உணர்வை நம்பாதீர்கள். பார்த்ததும் அடையாளம் தெரிவது வேறு, புத்தகத்தை மூடிவிட்டு மனதிலிருந்து எடுப்பது வேறு. ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006-இல் இதைச் சோதித்தார்கள். மாணவர்கள் ஒரு பகுதியை இரண்டாம் முறை வாசித்தார்கள். இன்னொரு பகுதியைப் பார்க்காமல் எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்ப வாசித்த பகுதிதான் நன்றாக நினைவிருந்தது. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: எழுதிப் பார்த்தது 56 சதவீதம், வாசித்தது 42.

சரி, இப்படி நம்மை நாமே எப்போது கேட்டுக்கொள்வது? ஜெர்மானியரான எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தன் மறதியையே அளந்து 1885-இல் வெளியிட்டார். மறதி முதல் சில மணி நேரத்தில் சரசரவென்று இறங்கி, அப்புறம் நிதானமாகிறது. ஒரே நாளில் 68 முறை சொல்லிக் கிடைத்த பலன், மூன்று நாட்களில் பிரித்துச் சொன்னபோது 38 முறையிலேயே கிடைத்தது.

இடைவெளி விட்டால் கொஞ்சம் மறக்கும், மனம் தடுமாறித் தேடும். அந்தத் தேடல்தான் நினைவை உறுதியாக்குகிறது. தேடிக் கண்டுபிடித்த ஒவ்வொரு முறைக்கும் பிறகு மறதி மெதுவாகிறது, அதனால் அடுத்த இடைவெளியை நீட்டலாம். போலந்தின் பியோத்ர் வோஸ்னியாக் 1987-இல் இதைக் கணினிக் கணக்காக்கினார்: முதலில் 1 நாள், அடுத்து 6 நாள், அதன்பின் ஏறக்குறைய இரண்டரை மடங்கு, அதாவது 15, 38 என்று போகும். தவறினால் மறுபடி முதலிலிருந்து. மருத்துவ மாணவர்கள் விரும்பிப் பயன்படுத்தும் ஆன்கி செயலி இந்தக் கணக்கின்மேல்தான் வளர்ந்தது. ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில் என்று நாம் எழுதும் அட்டைகளை அது உரிய நாளில் காட்டும்.

இதில் பெரிய ஆபத்து பாக்கி விழுவது. இன்று சேர்க்கும் 30 அட்டைகளும் நாளையும் அடுத்த வாரமும் திரும்பி வரும். நான்கு நாள் விட்டுவிட்டால் மலைபோல் குவியும். அப்போது புது அட்டைகளை நிறுத்திவிட்டு, பழையதைத் தினமும் கொஞ்சமாகக் கரைப்பதே வழி. பதில் வராதபோது ‘தெரியும்’ என்று அழுத்தவே அழுத்தாதீர்கள். உங்கள் நினைவைப் பற்றிய பொய்க் கணக்கு செயலிக்குப் போய்விடும்.

அட்டை எழுதுவதற்குமுன் பாடம் புரிந்திருக்க வேண்டும், இதை நான் அழுத்திச் சொல்வேன். ‘ரேடியல் நரம்பை விவரி’ என்பது அட்டையே அல்ல. ஒரு அட்டைக்கு ஒரு கேள்வி போதும். நடு முறிவில் அந்த நரம்பு ஏன் சிக்குகிறது? எலும்பின் பின்புறப் பள்ளத்தை ஒட்டியே ஓடுவதால். மணிக்கட்டு தொங்கியும் முழங்கையை நீட்ட முடிவது ஏன்? முழங்கையை நீட்டும் டிரைசெப்ஸ் தசைக்கான கிளைகள் பெரும்பாலும் முறிவுக்கு மேலேயே பிரிந்துவிடுவதால்.