பாட் பேக் வாங்கும் முன் நிரப்பிக் கட்டிப் பாருங்கள்

போன மாசியில் கருங்கல் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் தக்கலையில் உள்ள என் பிசியோதெரபி மையத்துக்கு வந்தார். திருவனந்தபுரத்தில் ஐ.டி. வேலை. வலது தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போகிறது, சில நேரம் தீப்பட்டது போல எரிகிறது என்றார். "டிஸ்க் விலகியிருக்குமோக்கா?" என்று கேட்கும்போதே முகம் வாடியிருந்தது.

மரத்துப்போன இடத்தைச் சுற்றிப் பேனாவால் கோடு போடச் சொன்னேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம் வந்தது. முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை. கால் விரல்களில் பலம் குறையவில்லை. "இடுப்பில் எதையாவது இறுக்கிக் கட்டுவீங்களா?" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு போனில் ஒரு படம் காட்டினார். மாதம் இரண்டு ஞாயிறு நண்பர்களோடு பெயிண்ட்பால் ஆடுகிறார், பெயிண்ட் உருண்டைகளைத் துப்பாக்கியால் ஒருவர் மேல் ஒருவர் சுடும் விளையாட்டு. அதற்காக வாங்கிய பாட் பேக்தான் படத்தில் இருந்தது.

பெயிண்ட் உருண்டைகளை நிரப்பிய நீளமான பிளாஸ்டிக் குப்பிக்குப் பெயர் பாட். அவற்றை வரிசையாகச் செருகி, முதுகுக்குக் கீழே வருமாறு கட்டிக்கொள்ளும் பெல்ட்தான் பாட் பேக். ஓர் உருண்டை ஏறக்குறைய 3 கிராம். வழக்கமான பாட் ஒன்றில் 140 உருண்டைகள் பிடிக்கும். ஐந்து பாட் என்றால் உருண்டைகள் மட்டும் 2 கிலோவுக்கு மேல். அந்த எடையோடு ஓடுகிறோம், குனிகிறோம், தவழ்கிறோம்.

எடை பின்னால் இழுப்பதால் பெல்ட்டின் முன்பகுதி அடிவயிற்றில் அழுந்தும். பேக் சரிகிறது என்று இன்னும் இறுக்குவோம். இடுப்பெலும்பின் முன்முனையை ஒட்டித்தான் தொடையின் வெளிப்பக்கத் தோலுக்கு உணர்ச்சி தரும் நரம்பு போகிறது. அது அழுந்தினால் வருவதுதான் இந்த மரப்பு. மருத்துவத்தில் மெரால்ஜியா பாரஸ்தெட்டிகா என்பார்கள். அந்த நரம்புக்குத் தசையில் வேலை இல்லை. அதனால்தான் அவருடைய காலில் பலம் குறையவில்லை. கால் பலவீனமானாலோ, மரப்பு முழங்காலுக்குக் கீழே இறங்கினாலோ, சிறுநீர் கழிப்பதில் சிக்கல் வந்தாலோ அது வேறு விஷயம். உடனே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

வாங்கும்போது எப்படிப் பார்த்தீர்கள் என்று கேட்டேன். கடையில் காலிப் பேக்கைக் கட்டிக் கண்ணாடியில் பார்த்தாராம். காலியாக இருந்தால் எந்தப் பேக்கும் சுகமாகத்தான் இருக்கும். பாட்களில் அரிசியை நிரப்புங்கள். ஏறக்குறைய உருண்டைகளின் எடைக்கே வரும். பெல்ட்டை வயிற்றின் மேல் கட்டாமல், இரண்டு பக்க இடுப்பெலும்பின் மேல் உட்காரும்படி கட்டுங்கள். பிறகு இருபது தடவை உட்கார்ந்து எழுங்கள். மாடிப்படியில் ஓடி ஏறுங்கள். மொட்டைமாடியில் கொஞ்சம் தவழுங்கள். முடிந்ததும் பெல்ட்டுக்குள் இரண்டு விரல் நுழைகிறதா, மூச்சை முழுக்க இழுக்க முடிகிறதா என்று பாருங்கள். பேக் ஒரு பக்கம் திரும்பியிருந்தால் வேண்டாம். அகலமான பெல்ட்டும், உள்பக்கம் வழுக்காத துணியும் இருந்தால் அவ்வளவு இறுக்கத் தேவையே வராது.

அப்புறம் கை. மார்க்கரை, அதாவது உருண்டைகளைச் சுடும் துப்பாக்கியை, வலது கையில் பிடிப்பவர் இடது கையால்தான் பாட் ஒன்றை உருவ வேண்டும். திரும்பிப் பார்க்காமல் ஒரே இழுப்பில் வருகிறதா? ஓடும்போது தானாக விழாத அளவுக்குப் பிடிப்பும் இருக்கிறதா? இரண்டு பாட்களை ஒரே பக்கத்திலிருந்து எடுத்துவிட்டு மறுபடி ஓடிப் பாருங்கள். பல பேக்குகள் இந்த இடத்தில்தான் தோற்கும்.

இதைப் பற்றிப் பேசும்போது, தோள் வலிக்காக வந்திருந்த ஒரு பனையேறிப் பெரியவரும் அங்கே உட்கார்ந்திருந்தார். எழுந்து நின்று, தன் அரிவாள்பெட்டி எங்கே உட்காரும் என்று இடுப்பெலும்பில் தட்டிக் காட்டினார். பிறகு கண்ணைச் சுவரில் வைத்துக்கொண்டே கையைப் பின்னால் கொண்டு போய், இல்லாத பெட்டியிலிருந்து அரிவாளை எடுத்தார். "பெட்டி அசைஞ்சா அரிவாள் கைக்கு வராது மக்ளே" என்றார். உடம்புக்குச் சுகம் வேறு, ஆட்டத்தில் திறன் வேறு என்று பிரித்துப் பார்ப்பவர்களுக்கு நான் இந்தக் காட்சியைத்தான் சொல்கிறேன்.

முதல்முறை ஆடப் போகிறவர்களுக்கு இது எதுவும் வேண்டாம். மார்க்கர் மேல் உள்ள உருண்டைக் கூடான ஹாப்பரிலேயே 200 உருண்டை வரை பிடிக்கும். அந்தப் பணத்தில் கண்ணை நன்றாக மூடும் முகக்கவசம் வாங்குங்கள். களத்தில் ஒரு நொடிகூட அதைக் கழற்றாதீர்கள்.

நம் ஊர் ஈரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். இரண்டு பருவமழையும் கிடைக்கும் கன்னியாகுமரி மாவட்டம் இது. வியர்வையில் ஊறிய பெல்ட்டைச் சுருட்டி பைக் பெட்டியில் போட்டு வைத்து, அடுத்த வாரம் அப்படியே கட்டினால் இடுப்பில் படர்தாமரை வரும். அன்றைக்கே அலசி நிழலில் உலர்த்துங்கள். உருண்டைகளின் மேலோடு மருந்து கேப்ஸ்யூல் போல ஜெலட்டினால் ஆனது, ஈரத்தில் உப்பிவிடும். மிச்ச உருண்டைகளைப் பாட்களுக்குள் விட்டு வைக்காதீர்கள்.

அந்த இளைஞருக்கு ஊசியோ அறுவை சிகிச்சையோ தேவைப்படவில்லை. ஒரு மாதம் ஆட்டத்தை நிறுத்தச் சொன்னேன், இடுப்பின் முன்பக்கத்துக்குச் சில நீட்டல் பயிற்சிகள் கொடுத்தேன், அகலமான பெல்ட் உள்ள, மூன்று பாட் பிடிக்கும் பேக்குக்கு மாறினார். ஆறாவது வாரம் வந்தபோது மறுபடியும் பேனாவைக் கொடுத்தேன். இந்தத் தடவை ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத்தான் வட்டம் போட்டார்.