சருகை எரித்துவிட்டு மண்ணைக் குறை சொல்லாதீர்கள்

"மூணு வருஷமாச்சு சார், கறிவேப்பிலை இடுப்பளவுகூட வளரலை" என்றார், மண் பரிசோதனை முடிவை வாங்க வந்த பெரியவர். அட்டையில் அங்ககக் கரிமம், அதாவது மட்கிய இலைதழையால் மண்ணில் சேரும் கரிமம், 0.3 சதவீதம். 0.5-க்குக் கீழே வந்தாலே குறைவு என்றுதான் எழுதுவோம். வீட்டில் இரண்டு வேம்பு, ஒரு மா. சருகை என்ன செய்கிறீர்கள் என்றேன். "தினம் கூட்டி எரிச்சு, சாம்பலைச் செடிக்கே போட்டுடுவேன். சாம்பல் நல்ல உரமாச்சே!"

இந்தப் பங்குனியில் இதே பதிலைச் சொன்ன ஐந்தாவது ஆள் அவர்.

பொட்டாஷுக்கு 'சாம்பல் சத்து' என்று பெயர் வைத்த எங்கள் துறைக்கும் இந்தக் குழப்பத்தில் பங்குண்டு. சாம்பலில் பொட்டாஷும் சுண்ணாம்பும் மிஞ்சும், உண்மைதான். ஆனால் இலையில் இருந்த கரிமமும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) பெரும்பாலும் புகையோடு போய்விடும். மண்ணைப் பொலபொலவென்று வைத்திருப்பதும், ஈரத்தைப் பிடித்து வைப்பதும், மண்புழுவுக்குத் தீனியாவதும் அந்தக் கரிமம்தான். போதாக்குறைக்குச் சாம்பல் காரத்தன்மை உள்ளது. ஏற்கெனவே சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் அதையே கொட்டினால் செடிக்கு இரும்புச்சத்து எட்டாது, கொழுந்து வெளுக்கும். தழைச்சத்துதான் குறைவு என்று நினைத்து உடனே யூரியாவை அள்ளிப் போடுகிறார்கள். அதில் செடி எடுத்தது போக மிஞ்சுவதில் ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயுவாக மாறும். எடைக்கு எடை, அது கரியமில வாயுவைப்போல் சுமார் 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும்.

மட்கினாலும் கரிமம் காற்றில்தானே கலக்கும் என்பீர்கள். பெரும்பகுதி கலக்கும். ஒரு பகுதி களிமண் துகளோடு ஒட்டிக்கொண்டு பல பத்தாண்டுகள் மண்ணிலேயே கிடக்கும். உலகின் மேல்மண்ணில், ஒரு மீட்டர் ஆழத்துக்குள், காற்றிலும் செடிகொடிகளிலும் சேர்ந்து இருப்பதைவிட அதிகக் கரிமம் இருப்பது இப்படித்தான். உங்கள் கொல்லை மட்டும் வெயிலைத் தணித்துவிடாது. ஆனால் அந்தச் சேமிப்பில் தினமும் தீ வைக்காமல் இருக்கலாமே.

சருகைச் செடியைச் சுற்றி மண்ணை மூடும் மூடாக்காகப் பரப்புங்கள், மூன்று விரற்கடை உயரம் போதும். தண்டை ஒட்டிக் குவிக்காதீர்கள், அழுகும். பாம்பு வரும் என்று பயந்தால் சுவர் ஓரத்தை மட்டும் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். மாவிலை மட்க நாளாகும்; காய்கறிக் கழிவோடு கலந்து சாணக் கரைசல் தெளியுங்கள். உரக்குழியில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள், மீத்தேன் கிளம்பும். மண்ணைச் சும்மா சும்மா கொத்தாதீர்கள். வெறும் தரையாக விடாமல் மழைக்கு முன் சணப்பு என்ற பசுந்தாள் உரப்பயிரை விதைத்து, பூக்கும்போது வெட்டி அங்கேயே போடுங்கள்.

ஐயா, ஒரே வருஷத்தில் எண் ஏறாது. மூன்று வருஷம் தீப்பெட்டியைத் தொடாமல் இருந்துவிட்டு, அதே இடத்து மண்ணைக் கொண்டு வாருங்கள். உரக்குவியலுக்கு அடியிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள்.