சிவப்புப் பட்டையில் இருப்பது காலைச் சாப்பாடு

வாசகி ஒருவர் தன் எட்டு வயது மகனின் ரத்தப் பரிசோதனை அறிக்கையைப் படம்பிடித்து அனுப்பியிருந்தார். பையனுக்கு அடிக்கடி வயிறு உப்புசம். இயற்கை மருத்துவர் ஒருவரின் யோசனைப்படி எடுத்த பரிசோதனை அது. மூன்று பக்கம், பச்சை, மஞ்சள், சிவப்புப் பட்டைகள். பால், முட்டை, கோதுமை மூன்றும் சிவப்பில். "இதையெல்லாம் நிறுத்திவிட்டால் அவனுக்கு என்னதான் கொடுப்பது?" என்று கேட்டிருந்தார்.

பக்கத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் 'ஐஜிஜி' என்று போட்டிருந்தது. விஷயமே அந்த மூன்றெழுத்தில்தான் இருக்கிறது.

உடனே தடிப்பு, வீக்கம், மூச்சுத்திணறல் என்று கிளம்பும் அலர்ஜிக்குக் காரணமான ஆன்டிபாடி (வெளியிலிருந்து வருவதைப் பிடிக்க உடல் தயாரிக்கும் புரதம்) ஐஜிஜி அல்ல, ஐஜிஈ. ரத்தத்தில் அது இருப்பது துளியூண்டு. 1960களின் பிற்பகுதியில்தான் அமெரிக்காவில் இஷிசாகா தம்பதியும், ஸ்வீடனில் யோஹான்சன், பென்னிச் என்ற இருவரும் அதைத் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். ஆனால் ரத்தத்தில் ஏதோ ஒன்று இருக்கிறது என்பது 1921லேயே தெரிந்துவிட்டது. ஜெர்மானிய மருத்துவர் கூஸ்ட்னருக்கு மீன் ஆகாது. அவருடைய ரத்தத்தின் தெளிநீரை, மீன் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாத சகா பிராஸ்னிட்ஸ் தன் தோலுக்குள் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றை ஏற்ற, அங்கே மட்டும் தடித்து வீங்கியது. இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு அனுமதி தராது!

தோலுக்கடியிலும் குடல் சுவரிலும் மாஸ்ட் செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றுக்குள் குருணை குருணையாக இருப்பதைப் பார்த்து, இவை நன்றாகத் தின்று கொழுத்தவை என்று நினைத்து 1878ல் பால் எர்லிக் வைத்த பெயர் அது. உண்மையில் அவை தின்ற சோறு அல்ல, அரிப்பையும் வீக்கத்தையும் கிளப்பும் ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தின் மூட்டைகள். ஐஜிஈ வந்து இந்தச் செல்லின்மேல் கால் ஊன்றி, இரண்டு கைகளையும் வெளியே நீட்டிக்கொண்டு வாரக்கணக்கில் நிற்கும். ஒரே ஒரு ஐஜிஈ உணவுப் புரதத்தைப் பிடித்தால் ஒன்றும் நடக்காது. ஒரே புரதத்தைப் பக்கத்துப் பக்கத்து ஐஜிஈக்கள் சேர்ந்து பிடித்து, நடுவில் பாலம் விழுந்தால்தான் மூட்டைகள் அவிழும். முன்கையில் உணவுச் சாற்றைச் சொட்டு வைத்துக் குத்தி, பதினைந்து நிமிடம் கழித்துத் தடிப்பை மில்லிமீட்டரில் அளக்கிறார்களே, அந்தச் சோதனை இதைத்தான் பார்க்கிறது.

எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்த கட்டம். ஒரு உணவைத் திரும்பத் திரும்பச் சாப்பிடும்போது உடல் அதற்கு ஐஜிஜி தயாரிக்கிறது. அதில் ஐஜிஜி4 என்ற துணைவகை விசித்திரமானது. அது பாதிப் பாதியாகப் பிரிந்து, வேறொரு ஐஜிஜி4இன் பாதியோடு ஜோடி சேர்ந்துகொள்ளும். அதனால் ஒரு கை பாலுக்கு, மறு கை வேறெதற்கோ என்றாகிவிடும். அப்படிப்பட்ட கைகளால் பாலம் போட முடியாது. போதாததற்கு, ஐஜிஈக்குப் போக வேண்டிய புரதத்தை முந்திக்கொண்டு பிடித்துவிடும். கொட்டு வாங்கி வாங்கிப் பழகிய தேனீ வளர்ப்பவர்களின் ரத்தத்தில், தேனீ விஷத்துக்கு எதிரான ஐஜிஜி4 எக்கச்சக்கமாக இருக்கும். சண்டையின் அடையாளமல்ல அது, சமாதானத்தின் அடையாளம்.

பையன் காலையில் என்ன சாப்பிடுவான் என்று வாசகியிடம் கேட்டேன். ஒரு தம்ளர் பால், முட்டை, கோதுமை ரொட்டி என்றார். அப்புறம் என்ன, அறிக்கை சரியாகத்தான் சொல்லியிருக்கிறது! உணவு ஒவ்வாமையைக் கண்டறிய இந்தச் சோதனை வேண்டாம் என்று ஐரோப்பிய ஒவ்வாமை அகாதெமி 2008லேயே எழுதிவிட்டது.

கையில் உணவு அடைத்த ஒரு குப்பியைக் கொடுத்து, நீட்டிய மறுகையை அழுத்திப் பார்த்து 'அலர்ஜி' சொல்பவர்களும் உண்டு. குப்பிக்குள் இருப்பது என்னவென்று இருவருக்குமே தெரியாமல் செய்தால் பூவா தலையா போட்ட கதைதான்.

ஆங்கில மருத்துவத்தின் சோதனைகளும் ஒன்றும் கடவுள் வாக்கு இல்லை. தோலில் தடித்தாலும் அந்த உணவைச் சாப்பிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் நிறையப் பேர். கடைசித் தீர்ப்பு, மருத்துவமனையில் கண்காணிப்போடு கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடவைத்துப் பார்ப்பதுதான். அதற்கு அரை நாள் ஆகும், நர்ஸ் கூடவே இருக்க வேண்டும், விற்பதற்குப் பெட்டியோ கருவியோ கிடையாது. பணம் இந்தப் பக்கம் வராததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இயற்கை மருத்துவர் ஒரு மணி நேரம் காதுகொடுத்துக் கேட்டார் என்று வாசகி எழுதியிருந்தார். அது பெரிய விஷயம், கிண்டல் செய்ய மாட்டேன். உணவுக் குறிப்பேடு எழுதச் சொன்னதும் நல்ல யோசனைதான். ஒரு உணவைச் சில வாரம் நிறுத்திப் பார்ப்பதை ஒவ்வாமை மருத்துவர்களும் செய்கிறார்கள். ஆனால் நிறுத்தியதைத் திரும்பக் கொடுத்துப் பார்க்கும் பாதியை அவர் சொல்லவே இல்லை. வளரும் பிள்ளைக்குக் காரணமில்லாமல் மூன்று உணவை நிறுத்துவது சின்ன விஷயமல்ல. அலர்ஜி வரும் ஆபத்து அதிகமுள்ள 640 கைக்குழந்தைகளை வைத்து நடத்தி 2015ல் வெளியான ஆய்வில், நிலக்கடலையைச் சீக்கிரமே கொடுக்கத் தொடங்கிய குழுவில் கடலை அலர்ஜி ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது.

சரி, வாசகிக்கு என்ன எழுதினேன்? வெறும் உப்புசம் என்றால் முதலில் பால் சர்க்கரை செரிக்கிறதா என்று குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள், அது அலர்ஜியே அல்ல. கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே சீலியாக் (கோதுமைப் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் நோய்) சோதனை எடுக்க வேண்டுமா என்றும் கேளுங்கள், நிறுத்திவிட்டால் அந்தச் சோதனை ஏமாற்றிவிடும். சாப்பிட்ட சில நிமிடங்களில் உதடு வீங்கி மூச்சு இழுத்தால் எந்த அறிக்கையையும் தேடாமல் அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள், அங்கே தேவைப்படுவது தொடையில் போடும் அட்ரினலின் ஊசி. குழந்தை மருத்துவரைக் கேட்கும்வரை காலைப் பாலை நிறுத்த வேண்டாம்.