ஆட விட்டதால் நின்ற தூண்கள்

சிசிலித் தீவின் தென்மேற்குக் கரையில் செலினுந்தே என்னுமிடத்தில் உள்ள கிரேக்கக் கோயில் இடிபாடுகளைப் பற்றி வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். சுண்ணாம்புச் சாந்தோ வேறு எந்தப் பிணைப்போ இல்லாமல், உருளைக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுப்பிய தூண்கள், நிலநடுக்கத்துக்குப் பேர்போன ஒரு தீவில் எப்படி நூற்றாண்டுக் கணக்கில் நின்றிருக்க முடியும் என்பது அவருடைய ஐயம். சாந்து இல்லாதது குறையென்று அவர் எண்ணுகிறார். அதுவே அந்தத் தூண்களைக் காத்த காரணங்களுள் ஒன்று என்கிறது இயற்பியல்.

முதலில் நகரத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பழங்காலத்தில் அதன் பெயர் செலினூஸ். கி.மு. 7-ஆம் நூற்றாண்டில், சிசிலியின் கிழக்குக் கரையிலிருந்த மெகாரா ஹிப்லாயா என்ற கிரேக்கக் குடியேற்றத்தைச் சேர்ந்தவர்கள் அதை நிறுவினார்கள். தானியம் கொழித்த வயல்களும், இரண்டு ஆறுகளின் முகத்துவாரங்களில் அமைந்த துறைமுகங்களும் செல்வத்தைக் கொண்டுவந்து சேர்க்க, இரண்டு நூற்றாண்டுகளுக்குள் அந்நகரம் கோயில்மேல் கோயிலாகக் கட்டியது. எது எந்தத் தெய்வத்தின் கோயில் என்பது பலவற்றில் உறுதிப்படாததால், ஆய்வாளர்கள் அவற்றை ஏ, பி, சி என்று எழுத்துகளாலேயே குறிப்பிடுகிறார்கள். அவற்றுள் பெரியது ஜி கோயில். ஏறத்தாழ 110 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம், 16 மீட்டருக்கு மேல் உயரமான தூண்கள். கி.மு. 530 வாக்கில் தொடங்கிய அந்த வேலை முடிவடையவே இல்லை. கி.மு. 409-இல், அண்டை நகரமான செகெஸ்டாவுடன் இருந்த பகையின் தொடர்ச்சியாக, வட ஆப்பிரிக்க வல்லரசான கார்த்தேஜின் படை வந்து செலினூஸைச் சூறையாடியது. 16,000 பேர் கொல்லப்பட்டதாக வரலாற்றாசிரியர் டியோடோரஸ் எழுதியிருக்கிறார்.

தூண்களுக்குக் கல் எடுத்த இடம், நகரத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள கூசா கல்குவாரி. வெட்டத் தொடங்கிய உருளைகள் இன்றும் அங்கே பாறையை விட்டுப் பிரியாமல் நிற்கின்றன. பாறைப் பரப்பில் பெரியதொரு வட்டம் வரைந்து, அதைச் சுற்றி ஓர் ஆள் உள்ளே நின்று உளி பிடிக்கும் அளவுக்கு மட்டும் அகழி வெட்டி, அடுக்கடுக்காகக் கீழே இறங்கியிருக்கிறார்கள். அகழியின் சுவர்களில் உளித் தடங்களை இன்றும் பார்க்கலாம். இத்தனை பெரிய கற்களை மனிதர்கள் கையாண்டிருக்க முடியாது, வேற்றுக்கிரகத்தார்தான் வந்து உதவினார்கள் என்று காணொளி வெளியிடுவோர், பெயர் தெரியாத அந்தக் கல்தச்சர்களின் உழைப்பை அவர்களிடமிருந்து பறிக்கிறார்கள் என்றே நான் கருதுகிறேன்.

இனி, தூணின் இயக்கத்துக்கு வருவோம். தரை திடீரெனப் பக்கவாட்டில் நகரும்போது, தரையோடு இறுகப் பிணைக்கப்பட்ட தூண் வளைய முற்படும். கல் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுவிசையை அவ்வளவாகத் தாங்காது என்பதால், வளையும் பக்கத்தில் வெடித்துவிடும். வெறுமனே வைக்கப்பட்ட தூணுக்கு வளைய வேண்டிய கட்டாயம் இல்லை. அது தன் அடிவிளிம்பின் ஒரு பக்கத்தை ஊன்றிக்கொண்டு மறுபக்கத்தை இலேசாகத் தூக்கும்; பிறகு திரும்பி அமர்ந்து மறுபுறம் சாயும். உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு அகலமுள்ள தூண் இப்படி விளிம்பு தூக்க, தரையின் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கை எட்டினால் போதும். ஜி கோயிலின் தூண்கள் ஏறத்தாழ இந்த விகிதத்தில் அமைந்தவை. வலுவான நிலநடுக்கங்கள் அந்த அளவை எளிதாகக் கடந்துவிடும்.

ஆனால் விளிம்பு தூக்குவது வேறு, கவிழ்வது வேறு. இந்த வேறுபாட்டை 1963-இல் கணக்கிட்டுக் காட்டியவர் அமெரிக்கப் பொறியியலாளர் ஜார்ஜ் ஹவுஸ்னர். 1960-ஆம் ஆண்டின் சிலி நிலநடுக்கத்தில், உறுதியானவையாகத் தோன்றிய கட்டடங்கள் சேதமடைய, ஒல்லியாக உயர்ந்த சில நீர்த்தொட்டிகள் தப்பி நின்றது ஏன் என்ற கேள்வியிலிருந்து அவருடைய ஆய்வு பிறந்தது. ஒரே வடிவமும் ஒரே விகிதமும் கொண்ட இரண்டு கட்டைகளில், பெரியதைக் கவிழ்ப்பதே கடினம் என்பது அவர் கண்ட முடிவு. ஈர்ப்பு விசை தூணைத் திருப்பும் திறன் தூணின் எடையோடும் உயரத்தோடும் வளர்கிறது. அந்தத் திருப்பத்தை எதிர்க்கும் சுழல் நிலைமமோ எடையோடும் உயரத்தின் வர்க்கத்தோடும் வளர்கிறது. அதனால் தூண் சாய எடுக்கும் நேரம் உயரத்தின் வர்க்கமூலத்தோடு கூடுகிறது. உள்ளங்கையில் பென்சிலை நிமிர்த்தி நிறுத்த முடியாத சிறுவன், நீண்ட கழியை எளிதாக நிறுத்தி நடப்பது இதனால்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மீட்டர் உயரத் தூணைவிட 16 மீட்டர் உயரத் தூண் நான்கு மடங்கு நிதானமாகச் சாயும். நிலநடுக்கத்தின் அதிர்வுகள் பெரும்பாலும் ஒரு நொடிக்குள் திசை மாறுபவை. பெரிய தூண் ஒரு பக்கம் சாயலாமா என்று விளிம்பு தூக்கும் வேளையில், தரை எதிர்ப்பக்கம் போய்விடுகிறது. தூண் தன் இருப்பிடத்தில் வந்து அமரும் ஒவ்வொரு மோதலிலும் ஆற்றலின் ஒரு பகுதி வீணாகிறது. அதோடு, ஊசலுக்கு இருப்பதுபோல் மாறாத அலைவு நேரம் இந்த ஆட்டத்துக்குக் கிடையாது. ஆட்டம் பெரிதாக ஆக, ஒரு சுற்று முடிய எடுக்கும் நேரமும் நீள்கிறது. ஆகவே, கட்டடங்களை வீழ்த்தும் ஒத்ததிர்வு இங்கே எளிதில் கைகூடுவதில்லை. அதிர்வோடு தாளம் சேரும்போதே தூண் தன் தாளத்தை மாற்றிக்கொள்கிறது. இயற்பியலில் எனக்கு இதைவிட மகிழ்ச்சி தந்த முடிவுகள் குறைவு.

ஒற்றைக் கல்லுக்குப் பதில் உருளைகளை அடுக்கும்போது நிலைமை சிக்கலாகிறது. இணைப்பு ஒவ்வொன்றும் தனித்தனியே திறக்கலாம், வழுக்கலாம், திருகலாம். உராய்வில் மேலும் ஆற்றல் கரைகிறது. ஏதென்ஸின் ஹெபைஸ்டோஸ் கோயில் தூண்களில் உருளைகள் சில சற்றே விலகியிருப்பதை உற்றுப் பார்த்தால் காணலாம். மேலிருந்து கீழாக ஓடும் நீள்வரிப் பள்ளங்கள் அந்த இணைப்பில் நேர்கோடு தவறி நிற்கும். ஏதென்ஸ் தேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் அந்நகரின் பார்த்தெனான் கோயில் தூணின் மூன்றில் ஒரு பங்கு அளவிலான பளிங்கு மாதிரியை, நிலநடுக்கம்போல் குலுக்கும் அதிர்வு மேசையில் ஏற்றி, 2002-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பழைய தூணைக் குலுக்கிப் பார்க்கவா பணம் என்று கேட்போர் உண்டு. 1981-இல் திறக்கப்பட்ட நியூசிலாந்தின் தெற்கு ரங்கிட்டிகேய் ரயில் பாலத்தின் தூண்களை அடி தூக்கி ஆடும்படியே வடிவமைத்திருக்கிறார்கள் என்பதை அவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

உச்சியில் பாரம் ஏறினால் தூண் எளிதில் கவிழும் என்று நம் உள்ளுணர்வு சொல்லும். பொறியியலாளர்கள் நிக்கோஸ் மக்ரிஸும் மிகாலிஸ் வாசிலியுவும் 2013-இல் காட்டியது நேர்மாறானது: தூண் வரிசையின்மேல் பிணைப்பின்றி வைக்கப்பட்ட கல் உத்தரம் எவ்வளவு கனமோ, அவ்வளவு அந்த வரிசை நிலைத்து நிற்கும்.

அப்படியானால் செலினூஸின் கோயில்கள் ஏன் விழுந்தன? எந்தப் பாதுகாப்புக்கும் எல்லை உண்டு. அதிர்வு மெதுவானதாகவும் வலுவானதாகவும் இருந்தால், பெரிய தூணுக்கும் கவிழ நேரம் கிடைத்துவிடும். உருளையின் விளிம்பு உடைந்து போனால், ஊன்றி ஆடும் அகலம் குறைந்து தாங்கும் திறனும் குறையும். பராமரிப்பாரற்ற நகரத்தில் இத்தகைய குறைகள் சேர்ந்துகொண்டே போயின. பின்னர் வந்த நிலநடுக்கங்களே கோயில்களைச் சாய்த்தன என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து. இன்று நிமிர்ந்து நிற்பவற்றில் சி கோயிலின் வடக்கு வரிசைத் தூண்கள் 1925 முதல் 1927 வரையிலும், ஈ கோயில் 1950-களின் பிற்பகுதியிலும் மீண்டும் எழுப்பப்பட்டவை.

மீட்டெழுப்புவோர் இறுகக் கட்டும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பார்த்தெனானைச் சீரமைத்த நிக்கோலாஸ் பலானோஸ், கற்களை இரும்புக் கவ்விகளால் பிணைத்தார். பழங்கால கிரேக்கர்களும் இரும்புக் கவ்விகளைப் பயன்படுத்தினார்கள், ஆனால் சுற்றிலும் ஈயத்தை உருக்கி ஊற்றினார்கள். ஈயம் துருவைத் தடுத்தது, சிறு அசைவுகளுக்கும் இடம் கொடுத்தது. பலானோஸின் கவ்விகள் துருப்பிடித்துப் பருத்து, பளிங்கைப் பிளந்தன. இப்போது அவற்றை எடுத்துவிட்டு டைட்டானியம் பொருத்துகிறார்கள். பெரிய நிலநடுக்கம் வந்தால் கல் உடைவதற்கு முன் உலோகமே விட்டுக்கொடுக்கும்படி அதன் கனத்தைக் கணக்கிட்டிருக்கிறார்கள். வளைந்த உலோகத்துக்கு மாற்று உண்டு, உடைந்த பளிங்குக்கு இல்லை.