பாதி வசனம்: வேதத்தின் வன்முறைப் பகுதிகளை வாசிக்கும்போது எங்கே தவறுகிறோம்

ராயபுரத்தில் தொடங்கி எண்ணூர் வரைக்கும் கிறிஸ்தவ வீட்டுக் கதவுகளில் ஏதாவது ஒரு வாக்குத்தத்த வசனம் ஒட்டியிருக்கும். புது வருஷ ஆராதனையில் வாங்கிய அட்டை, சபை காலண்டர், காலையில் வாட்ஸ்ஆப்பில் வந்த படம் என்று எதை எடுத்தாலும் அதில் இடம் கொஞ்சம்தான். அதனால் வசனத்தில் பாதிதான் ஏறும். ஆறுதல் வசனம் பாதியாக வந்தால் பெரிய கெடுதல் இல்லை. அடியும் வெட்டும் சாவும் உள்ள வசனம் பாதியாக வந்தால் அது யாராவது ஒருவர் முதுகில்தான் போய் விழும்.

ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள், வீட்டு ஜெபக்கூட்டம் நடத்துகிறவர்கள், அன்பியப் (கத்தோலிக்கப் பங்கின் தெருக்குழு) பொறுப்பாளர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறோம். மேற்கோள்கள் வேதாகமத்தின் பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலிருந்து, அதாவது பழைய திருப்புதலிலிருந்து. வீட்டில் சண்டை வரும்போது வாயில் வருவது அந்தத் தமிழ்தானே.

பிரம்பு

"பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்." நீதிமொழிகள் 13:24. வேறெந்த வசனம் தெரியாத அப்பாவுக்கும் இது தெரியும்.

முதலில் சொல்லைப் பாருங்கள். எபிரெயத்தில் இங்கே உள்ள சொல் 'ஷேவெத்'. கோல் என்று பொருள். மேய்ப்பன் கையில் இருப்பதும் அதுதான், ராஜா கையில் செங்கோலாக இருப்பதும் அதுதான். துக்க வீட்டில் 23ஆம் சங்கீதம் வாசிக்கும்போது "உமது கோலும் உமது தடியும் என்னைத் தேற்றும்" என்கிறோமே, அந்தக் 'கோல்' இதே சொல். சங்கீதத்தில் கோலாக வந்தது நீதிமொழிகளில் பிரம்பாக வந்தது. மொழிபெயர்ப்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் தமிழில் பிரம்பு என்றாலே பள்ளிக்கூட வாத்தியார் கையில் இருந்ததுதான் கண்முன் நிற்கும். மூலச் சொல் அவ்வளவு குறுகலானதல்ல.

அடுத்து, யாரும் சொல்லாத பிற்பாதி: "அவன்மேல் அன்பாயிருக்கிறவனோ அவனை ஏற்கனவே தண்டிக்கிறான்." 'தண்டிக்கிறான்' என்ற இடத்தில் உள்ள எபிரெயச் சொல் 'மூசார்'. அதே நூலின் 1:8இல் "என் மகனே, உன் தகப்பன் புத்தியைக் கேள்" என்று வருகிறதே, அங்கே 'புத்தி' என்பதும் மூசார்தான். உட்காரவைத்துச் சொல்லித் திருத்துவதும் அந்தச் சொல்லுக்குள் அடக்கம்.

இதோடு நிறுத்தினால் அதுவும் ஏமாற்று வேலைதான். நீதிமொழிகள் 23:13 "அவனைப் பிரம்பினால் அடித்தால் அவன் சாகான்" என்று வெளிப்படையாகவே அடிப்பதைப் பேசுகிறது. 'மேய்ப்பன் கோலால் ஆட்டை அடிப்பதே இல்லை, வழிதான் காட்டுவான்' என்று இனிக்க இனிக்கச் செய்யும் பிரசங்கம் இந்த வசனத்தில் வந்து முட்டிக்கொள்ளும். அந்தக் காலத்துச் சமூகம் பிள்ளையை அடித்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. கேட்க வேண்டியது, இந்த நூல் எந்த வகை என்பது. இது பழமொழித் தொகுப்பு. நம்மிடமும் 'அடியாத மாடு படியாது' இருக்கிறது. அதை வைத்து யாரும் மாடு வளர்ப்பதில்லை. நீதிமொழிகள் 26:4 "மூடனுக்கு அவன் மதியீனத்தின்படி மறுஉத்தரவு கொடாதே" என்கிறது. அடுத்த வரி, 26:5, "மறுஉத்தரவு கொடு" என்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவருக்கு முரண் தெரியாமலா இருந்திருக்கும்? எந்த நேரத்தில் எது என்று யோசிக்கவே அப்படி வைத்தார். உபாகமம் 21:18-21 அடங்காத மகனைக் கல்லெறிந்து கொல்லச் சொல்கிறது. அதை எந்த அப்பாவும் கையில் எடுப்பதில்லை. ஆக, பிரம்பு வசனத்தை மட்டும் பொறுக்கி எடுப்பவர் வேதத்துக்கு அப்படியே கீழ்ப்படிகிறேன் என்று சொல்ல முடியாது. "உங்கள் பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி, அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள்" என்று கொலோசெயர் 3:21 அப்பாக்களுக்கு நேராகவே சொல்வதையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். பள்ளியில் அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில் தடை செய்கிறது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 75ஆம் பிரிவு, பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அதைத் தாக்கித் துன்புறுத்தினால் 3 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. விடுதிக்காரரும் சபைக்காரரும் விலக்கல்ல.

கீழ்ப்படிதல்

அடிபட்ட பெண்ணிடம் சபையில் சொல்லப்படும் வசனங்கள் பெரும்பாலும் இரண்டு. ஒன்று எபேசியர் 5:22, "மனைவிகளே... உங்கள் சொந்தப் புருஷருக்கும் கீழ்ப்படியுங்கள்." இன்னொன்று மல்கியா 2:16, "தள்ளிவிடுதலை (விவாகரத்தை) நான் வெறுக்கிறேன்."

எபேசியரில் வெட்டு விழுந்த இடம் முன்னால். 21ஆம் வசனம் "தெய்வ பயத்தோடே ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்." மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் 22ஆம் வசனத்துக்குத் தனி வினைச்சொல்லே இல்லை, 21இல் உள்ள 'கீழ்ப்படிந்து' என்பதைக் கடன் வாங்கித்தான் அது நிற்கிறது. முந்தைய வரியை வெட்டினால் அந்த வாக்கியத்துக்கு உயிர் இல்லை. பல அச்சுப் பிரதிகளில் இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு தலைப்பைப் போட்டுப் பிரித்திருப்பார்கள். தலைப்பு பவுல் எழுதியதல்ல.

மல்கியாவில் வெட்டு பின்னால். அதே வசனம் தொடர்கிறது: "அப்படிப்பட்டவன் கொடுமையினால் தன் வஸ்திரத்தை மூடுகிறான்... ஆகையால் நீங்கள் துரோகம்பண்ணாமல் உங்கள் ஆவியைக்குறித்து எச்சரிக்கையாயிருங்கள்." முதற்பாதியின் எபிரெய வாக்கியம் சிக்கலானது, மொழிபெயர்ப்புக்கு மொழிபெயர்ப்பு மாறும். ஆனால் யாரை நோக்கிப் பேசுகிறது என்பதில் சந்தேகமே இல்லை: இளவயதின் மனைவிக்குத் துரோகம் செய்யும் புருஷனை. அவனைக் கண்டிக்க எழுதியதை எடுத்து அவள் வாயை அடைக்கப் பயன்படுத்துகிறோம்.

வசன விளக்கம் எல்லாம் பிறகு. அப்படி ஒரு சகோதரி வந்தால் முதலில் தனியாகப் பேசுங்கள். புருஷனையும் கூட்டிவந்து உட்காரவைத்து ஜெபம் செய்து அனுப்புவதுதான் நம் சபைகளில் அதிகம் நடக்கும் தவறு; அவன் எதிரில் அவளால் முழுவதையும் சொல்ல முடியாது, சொன்னால் அதற்கும் ராத்திரி அடி விழும். 'இன்றைக்கு வீட்டுக்குப் போனால் பத்திரமா?' என்று நேராகக் கேளுங்கள். காயம் இருந்தால் ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். அங்கே 'வழுக்கி விழுந்துட்டேன்' என்று சொன்னால் அதுதான் பதிவாகும். பின்னால் வழக்கு என்று வந்தால் அந்த ஏ.ஆர். காப்பிதான் (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல்) பேசும். பெண்கள் உதவி எண் 181, பிள்ளைகளுக்கு 1098. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005இலிருந்தே இருக்கிறது.

'சபை விஷயத்தைச் சபைக்குள்ளேயே முடிக்கணும்' என்பதற்கு 1 கொரிந்தியர் 6 காட்டுவார்கள். அங்கே 2ஆம் வசனம் "அற்ப வழக்குகள்" என்றே சொல்கிறது. அடிதடி அற்ப வழக்கல்ல. பிள்ளைமேல் பாலியல் குற்றம் என்றால் பேச்சுக்கே இடமில்லை: 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும், மறைப்பது குற்றம்.

இணை வசனம் பார்த்தாலே தீர்வது

சில இடங்களுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை. "சமாதானத்தையல்ல, பட்டயத்தையே அனுப்பவந்தேன்" என்று மத்தேயு 10:34. அதே பேச்சு லூக்கா 12:51இல் "பிரிவினை" என்று இருக்கிறது. தகப்பனையும் தாயையும் 'வெறுக்க' வேண்டும் என்று லூக்கா 14:26; மத்தேயு 10:37இல் "என்னிலும் அதிகமாய் நேசிக்கிறவன்". ஓர வரியில் இணை வசன எண் போட்டிருப்பார்கள், புரட்டினால் போதும்.

நிலத்தை விற்ற பணத்தில் ஒரு பங்கை மறைத்துவிட்டு, முழுதும் இதுதான் என்று சொல்லிச் செத்து விழுந்த அனனியா, சப்பீராள் கதை (அப்போஸ்தலர் 5) காணிக்கை மேடையில் மிரட்டலாக வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் காசிமேட்டில் விசைப்படகு கடலுக்குப் போகாமல் கட்டிக்கிடக்கும். அந்த நேரத்தில் தசமபாகம் கொடுக்காதவருக்கு இந்தக் கதையைச் சொல்வது கொடுமை, தவறும்கூட. 4ஆம் வசனத்தில் பேதுருவே கேட்கிறார்: "அதை விற்குமுன்னே அது உன்னுடையதாயிருக்கவில்லையோ? அதை விற்றபின்பும் அதின் கிரயம் உன் வசத்திலிருக்கவில்லையோ?" கொடுக்காததற்காக அவர்கள் குற்றவாளி ஆகவில்லை. பொய் சொன்னதற்காக ஆனார்கள்.

எழுதியிருப்பதெல்லாம் கட்டளை அல்ல

நியாயாதிபதிகள் 19ஐப் படிப்புக்கு எடுத்தால் 19, 20, 21 மூன்றையும் சேர்த்தே எடுங்கள். ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். கும்பல் பலாத்காரமும் கொலையும் வருகிறது என்று முந்தின வாரமே சொல்லிவிடுங்கள். வர விரும்பாதவரிடம் காரணம் கேட்காதீர்கள். பிள்ளைகள் இருக்கும் கூட்டத்தில் சத்தமாக வாசிக்காதீர்கள்.

பென்யமீன் கோத்திரத்து ஊர் ஒன்றில் கும்பல் கையில் சிக்கிச் செத்த, லேவியன் ஒருவனின் மறுமனையாட்டி அவள். அந்தப் பெண்ணுக்குப் பெயர் இல்லை, அதிகாரம் முழுக்க அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்கு நியாயம் கேட்டுப் போர் நடக்கிறது. பென்யமீனில் 600 ஆண்கள் மிஞ்சுகிறார்கள். அவர்களுக்குப் பெண் வேண்டும் என்று யாபேஸ் என்ற ஊரை அழித்து 400 கன்னிப்பெண்களைக் கொண்டுவருகிறார்கள். இன்னும் 200 குறைகிறது. சீலோவில் நடனமாட வந்த பெண்களைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கணக்கைப் பலகையில் எழுதிக் காட்டுங்கள்: ஒருத்திக்கு நடந்ததற்குப் பழிவாங்கப் போய் அறுநூறு பேருக்கு நடக்கிறது. பிறகு நூலின் கடைசி வரி: "அவனவன் தன் தன் பார்வைக்குச் சரிப்போனபடி செய்துவந்தான்." ஆசிரியர் இதைப் புகழவில்லை, முகத்தைச் சுளிக்கிறார். அந்தச் சுளிப்பு 19ஐ மட்டும் வாசித்தால் தெரியாது.

அமலேக்கு

இதுவரை பார்த்தது வெட்டினதால் வந்த வினை. அமலேக்கு என்ற எதிரி இனத்தைப்பற்றிச் சவுல் ராஜாவுக்குச் சொல்லப்படும் 1 சாமுவேல் 15:3 அப்படியல்ல. முழுதாக வாசித்தால்தான் இன்னும் கஷ்டம்: "புருஷரையும், ஸ்திரீகளையும், பிள்ளைகளையும், குழந்தைகளையும்... கொன்றுபோடக்கடவாய்." இங்கே சொல்கிறவர் கர்த்தர் என்றே இருக்கிறது.

முதல் உதவி, பண்டைய போர் எழுத்தின் வழக்கத்தை அறிவது. நம் சோழர் மெய்க்கீர்த்திகளை வாசித்தவர்களுக்கு இது புதிதல்ல; ஆயிரம் யானையைக் கொன்றவனுக்குப் பாடுவது பரணி என்று இலக்கணமே வகுத்தவர்கள் நாம். 1868இல் இன்றைய ஜோர்டானின் திபானில் கிடைத்த, இஸ்ரவேலின் அண்டை நாடான மோவாபின் ராஜா மேசாவின் கல்வெட்டு இன்று பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் 'இஸ்ரவேல் என்றென்றைக்கும் அழிந்தது' என்று அவன் பெருமை அடிக்கிறான். தன் தேவனுக்காக முழுதும் அழித்தேன் என்பதற்கு அவன் போடும் வேர்ச்சொல்லும் எபிரெய வேதம் 'சங்கரித்து' என்ற இடத்தில் போடும் வேர்ச்சொல்லும் ஒன்றே. இஸ்ரவேல் அழியவில்லை. வேதத்துக்குள்ளும் அப்படியே: 15:8இல் அமலேக்கியர் எல்லாரும் பட்டயத்தில் மடிகிறார்கள், அதே புத்தகம் 27:8இல் தாவீது அமலேக்கியர்மேல் படையெடுக்கிறான், 30ஆம் அதிகாரத்தில் அவர்கள் வந்து தாவீது தங்கியிருந்த சிக்லாகைக் கொளுத்துகிறார்கள், கடைசியில் 400 வாலிபர் ஒட்டகம் ஏறித் தப்புகிறார்கள். 'எல்லாரும்' என்பது போர்க்களப் பேச்சு என்று நூலே காட்டிக்கொடுக்கிறது.

ஆனால் 'எல்லாரையும் அல்ல, கொஞ்சம் பேரைத்தான்' என்பது ஒரு குழந்தை விஷயத்தில் பதிலாகுமா? ஆகாது. அதனால் சபை இன்னொரு வழியும் பார்த்தது. பழைய ஏற்பாடே வேண்டாம் என்று இரண்டாம் நூற்றாண்டில் மார்க்கியோன் சொன்னபோது சபை அவரை ஏற்கவில்லை. ஆதிச் சபையின் வேத அறிஞர் ஒரிகேன் இந்தப் போர்களை மனதுக்குள் நடக்கும் போராகப் படித்தார். தேவ அன்பையும் பிறர் அன்பையும் வளர்க்காத விளக்கம் வேதத்தை இன்னும் புரிந்துகொள்ளவில்லை என்றார் ஆதிச் சபையின் ஆயர் அகுஸ்தீன். இவற்றுக்கெல்லாம் முன்பே லூக்கா 9இல், எலியாவைப்போல அக்கினி இறக்கட்டுமா என்று சீஷர்கள் வசன ஆதாரத்தோடுதான் கேட்டார்கள், இயேசு அதட்டினார்.

கூட்டத்தில் இவ்வளவையும் சொன்ன பிறகும் ஒருவர் 'எனக்கு மனசு ஒப்பலை' என்றால், அவருக்கு விசுவாசம் குறைவு என்று ஆக்கிவிடாதீர்கள். எந்த ஊர்க்காரரையும் எந்த மதத்தாரையும் 'இன்றைய அமலேக்கு' என்று ஒருவர் சொல்ல ஆரம்பித்தால் மட்டும் அங்கேயே நிறுத்துங்கள்.

சங்கீதம் 137

"உன் குழந்தைகளைப் பிடித்து, கல்லின்மேல் மோதியடிக்கிறவன் பாக்கியவான்." 'உன்' என்பது பாபிலோனை. பேசுகிறவர் யார்? பாபிலோன் ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழுகிற அகதி. ஊர் எரிந்துவிட்டது; சிதேக்கியா ராஜாவின் பிள்ளைகளை அவன் கண்முன்னே வெட்டி, பிறகு அவன் கண்களைக் குருடாக்கினார்கள் (2 இராஜாக்கள் 25:7). இது யாருக்கும் இட்ட கட்டளை அல்ல. பழியைத் தன் கையில் எடுக்காமல் கர்த்தரிடம் கொட்டுகிற அலறல். கத்தோலிக்கர் தினமும் நேரம் வைத்துச் சொல்லும் ஜெபப் புத்தகமான திருப்புகழ்மாலையில் இந்தக் கடைசி வரிகளை விட்டுவிட்டார்கள். 58, 83, 109 ஆகிய சங்கீதங்கள் முழுதாகவே இல்லை. பொது ஜெபத்துக்கு அது சரியாக இருக்கலாம். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு அம்மாவுக்கு இந்த வரிகள் வேதத்தில் இருப்பதே ஒரு துணை. எதிரியைச் சபிக்கும் சங்கீதமான 109ஐ எதிரி பெயர் சொல்லி இத்தனை நாள் வாசி என்று எழுதிக்கொடுப்பது மட்டும் மந்திரவாதம்.

விடுமுறை வேதாகமப் பள்ளி நடத்துகிறவர்களுக்கு ஒன்று. இஸ்ரவேலர் எரிகோ பட்டணத்தைப் பிடித்த நாடகத்தில் பிள்ளைகள் அட்டை எக்காளம் ஊதி ஏழு சுற்று சுற்றுவார்கள், தெர்மோகோல் மதில் விழும், எல்லாரும் கை தட்டுவார்கள். நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று 'உள்ள இருந்த பசங்க என்ன ஆனாங்க?' என்று கேட்கும். யோசுவா 6:21ஐ அந்தப் பிள்ளை வாசித்திருக்கலாம். 'அவங்க கெட்டவங்க' என்று சொல்லிவிடாதீர்கள். செத்துப்போனார்கள் என்றே எழுதியிருக்கிறது, அது எங்களுக்கும் கஷ்டமாக இருக்கிறது, நீ கேட்டது நல்ல கேள்வி என்று சொல்லுங்கள். அந்தப் பாடத்தைப் பன்னிரண்டு வயதுக்குக் கீழே வைக்காமல் இருந்தால் இன்னும் நல்லது.