நடுவரைக் கூப்பிட்டால் கோபம் எதற்கு? சீட்டுப் போட்டி நடத்துவோருக்கும் ஆடுவோருக்கும்

சீட்டாட்டத்தில் ஏமாற்று என்றதும் சட்டைக் கைக்குள் ஏஸை ஒளித்து வைப்பவர்தான் பலருக்கு ஞாபகம் வருவார். சேலத்தில் கிளப்புகளிலும் குடியிருப்புச் சங்கங்களிலும் நடக்கிற போட்டிகளில் அந்த மாதிரி ஆள் அபூர்வம். இங்கே ஆட்டம் கெடுவது வாயால், முகத்தால், எடுத்துக்கொள்ளும் நேரத்தால். கெடுக்கிறவருக்கே பல சமயம் அது தெரியாது.

இருபத்தெட்டு ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 32 சீட்டு, நாலு பேர், எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் ஜோடி. ஜாக்கிக்கு 3 புள்ளி, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் தலா 1. முதல் நாலு சீட்டைப் பார்த்ததும், எத்தனை புள்ளி எடுப்போம் என்று கேட்க வேண்டும். ஒருவர் ‘பதினாறு’ என்று அழுத்திச் சொல்கிறார். இன்னொரு ஆட்டத்தில் அதே ஆள் ‘பதி... னாறு’ என்று இழுக்கிறார். முதலாவதில் ஜாக்கி இருக்கிறது, இரண்டாவதில் இல்லை என்று எதிரே இருப்பவருக்குப் புரிந்துவிட்டது. சொன்ன எண் ஒன்றுதான், போன செய்தி இரண்டு.

ஜோடியாக ஆடும் இன்னொரு சீட்டாட்டமான பிரிட்ஜின் விதிப் புத்தகம் இதைத் தெளிவாகப் பிரித்து வைத்திருக்கிறது. யோசிப்பது குற்றமில்லை. தன் ஜோடி யோசித்ததைப் பார்த்து அதற்கேற்ப ஆடுவதுதான் குற்றம். நியாயமான வழி இரண்டு இருந்து, தயக்கம் அதில் ஒன்றைக் காட்டிக்கொடுத்திருந்தால், அந்த வழியை நீங்கள் எடுக்கக் கூடாது. எடுத்து அதனால் எதிர்த் தரப்புக்கு நஷ்டம் வந்தால், நடுவர் புள்ளியைத் திருத்துவார். ‘நான் எப்படியும் அதைத்தான் ஆடியிருப்பேன்’ என்ற பதில் அங்கே எடுபடாது. பிரிட்ஜில் கேட்பதற்கு அச்சடித்த அட்டைகள் உண்டு, வாய்க்கு வேலையே இல்லை. இருபத்தெட்டுக்கும் 14 முதல் 28 வரை எழுதிய அட்டைகளும் ஒரு ‘பாஸ்’ அட்டையும் வெட்டி ஆளுக்கொரு கட்டு கொடுத்துவிடலாம். ஒரு மேசைக்கு அறுபத்து நாலு துண்டு அட்டை, அவ்வளவுதான் செலவு.

பெரிய இடங்களில் இதெல்லாம் நடக்காது என்று நினைக்க வேண்டாம். ஜோடி ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது என்று மேசைக்குக் குறுக்கே திரை வைத்தார்கள். 1975ல் பெர்முடாவில் நடந்த உலக பிரிட்ஜ் போட்டியில் இத்தாலிய ஜோடி ஒன்று, மேசைக்கு அடியில் முறையற்ற கால் அசைவுக்காகக் கண்டிக்கப்பட்டது. அதன் பிறகு மேசைக்கு அடியிலும் தடுப்பு வந்தது. 2015ல் நார்வே ஆட்டக்காரர் போயே புரோகிலாண்ட், இஸ்ரேலைச் சேர்ந்த ஒரு முன்னணி ஜோடியின் மோசடியை வெளியே கொண்டுவந்தார். சீட்டு வைக்கும் பலகையை மேசையில் எந்த இடத்தில் வைக்கிறார்கள் என்பதுதான் அவர்களுடைய சங்கேதம் என்று வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். அந்த ஜோடி அதுவரை அவருடைய அணியிலேயே ஆடியவர்கள். அவர்களோடு சேர்ந்து வென்ற பட்டங்களையும் வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தார். இதற்கு மேல் நேர்மைக்கு உதாரணம் தேட வேண்டியதில்லை.

அடுத்தது கலைப்பது. ஒழுங்காக இரண்டாகப் பிரித்து, ஓரத்தைச் சரசரவென்று விட்டுக் கலந்தால் 52 சீட்டுக்கு ஏழு தடவை போதும் என்று 1992லேயே கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். நம் ஊரில் கையில் வைத்து நாலு தள்ளு தள்ளிவிட்டுப் போடுகிறார்கள். போன ஆட்டத்தில் ஒன்றாக விழுந்த ஜாக்கியும் ஒன்பதும் இந்த ஆட்டத்திலும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். அதை ஞாபகம் வைத்திருப்பவருக்குத் தனி லாபம். கலைத்த கட்டை வெட்டுவதை ஒருபோதும் விடக் கூடாது. போடும்போது மேசையில் பளபளக்கிற எதுவும் இருக்க வேண்டாம். இது எவர்சில்வர் ஊர், டீ வந்தால் டம்ளரும் வரும். போடுகிறவர் கைக்குக் கீழே அந்த டம்ளர் இருந்தால் ஒவ்வொரு சீட்டின் முகமும் அதில் ஒரு கணம் தெரியும். மேசையில் வைத்த செல்போன் கண்ணாடியும் அப்படித்தான். டீயைப் பக்கத்து ஸ்டூலில் வைக்கச் சொல்லுங்கள், போன் பைக்குள் போகட்டும்.

ஏற்காட்டில் போட்டி வைப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை, பனி. சுமார் 1,500 மீட்டர் உயரம், சன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்துவிடும். காகிதச் சீட்டு ஈரம் குடித்து உப்பும், இரண்டு சீட்டு ஒட்டிக்கொண்டு ஒருவருக்கு ஒன்று கூடும், இன்னொருவருக்கு ஒன்று குறையும். ஓரம் நைந்த சீட்டை முதுகைப் பார்த்தே சொல்லிவிடலாம். அந்தச் சீட்டு, மற்ற ரகங்களை வெல்லும் துருப்பு ரகத்தின் ஜாக்கியாக இருந்தால் ஆட்டம் முடிந்தது. இதற்கு வழி: முழுப் பிளாஸ்டிக் சீட்டு, மேசைக்கு வேறு வேறு நிறத்தில் இரண்டு கட்டு, நடுநடுவே உலர்ந்த பருத்தித் துணியால் ஒரு துடைப்பு. சீட்டை முகம் பார்க்கும் முன் கவிழ்த்தபடியே எண்ண வேண்டும் என்பது பிரிட்ஜில் விதி. எல்லா ஆட்டத்துக்கும் அதைப் பழக்கிவிட்டால் பாதிச் சண்டை வராது.

இருபத்தெட்டில் அதிகத் தகராறு வருவது, கூடுதலாகக் கேட்டவர் கவிழ்த்து வைக்கும் துருப்பில். மடிக்கும் மேசைக்கும் நடுவே எங்கோ வைத்துவிட்டு, கேட்கும்போது எடுத்துக் காட்டினால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். நாலு பேர் கண்ணிலும் படுகிற இடத்தில் வைத்து, மேலே ஒரு பாரம் வையுங்கள். திறக்கும்போது நாலு பேரும் பார்க்கட்டும். துருப்பைத் திறக்கச் சொன்னவர் துருப்புத்தான் போட வேண்டுமா, துருப்பில் ராஜாவும் ராணியும் சேர்ந்து இருந்தால் கேட்டது குறையுமா என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும். அஸ்தம்பட்டிக்காரரும் ஆத்தூர்க்காரரும் ஒரே மேசையில் உட்காரும் முன் ஒரு பக்க விதித்தாளை அச்சடித்துக் கொடுத்துவிடுங்கள்.

முதல் ஆள் போட்ட ரகச் சீட்டு கையில் இருந்தும் வேறு போட்டுவிடுவது பெரும்பாலும் கவனக்குறைவு. ஆனால் நிரூபிக்கச் சீட்டு வேண்டுமே! பிரிட்ஜில் ஒவ்வொருவரும் போட்ட சீட்டைத் தன் முன்னாலேயே வரிசையாகக் கவிழ்த்து வைப்பார்கள், ஜெயித்த பிடி (நாலு பேரும் ஒவ்வொன்றாகப் போட்ட நாலு சீட்டு ஒரு பிடி) நேராக, தோற்றது குறுக்காக. ஆட்டம் முடிந்த பிறகும் எந்தப் பிடியில் யார் என்ன போட்டார் என்று திருப்பிப் பார்க்கலாம். தண்டனையும் அளவாகவே இருக்கும். தப்பாகப் போட்ட சீட்டே அந்தப் பிடியை ஜெயித்து, அந்தத் தரப்பு அதற்குப் பிறகும் ஒரு பிடி ஜெயித்திருந்தால் இரண்டு பிடி போகும். ஏதாவது ஒன்று மட்டும் நடந்திருந்தால் ஒரு பிடி. இருபத்தெட்டில் பிடிகளைக் குவியலாகத் தள்ளிவிடுகிறோம், பிறகு சத்தியம்தான் சாட்சி. நேரும் குறுக்குமாக அடுக்கி, இரு தரப்பும் புள்ளித்தாளில் கையெழுத்துப் போடும் வரை கலைக்காமல் வைத்தால் போதும்.

ரம்மியில் ஜோடி கிடையாது, ஆனால் ஜோடி சேருவார்கள். ஒரே காரில் வந்த இருவர் ஒரு மேசையில் உட்கார்ந்தால், ஒருவர் இன்னொருவருக்கு வேண்டியதையே கீழே போடலாம். ஒவ்வொரு சுற்றுக்கும் குலுக்கிப் போட்டு இடம் மாற்றுவதுதான் மருந்து. ஆட்டம் முடிந்ததாகச் சீட்டைத் தப்பாகக் காட்டினால் 80 புள்ளி தண்டனை என்று விதித்தாளில் இருந்தால் 80தான், ‘பார்க்காம வெச்சுட்டேனுங்க’ என்று கெஞ்சுகிறவர் பெரியவராக இருந்தாலும் சரி.

இனி தலைப்புக்கு வருவோம். ‘நடுவரைக் கூப்பிடுங்க’ என்று சொன்ன உடனே, ‘அப்ப நான் திருடனா?’ என்று எதிரில் இருப்பவர் முகம் சிவக்கிறது. சொல்கிற விதம் பாதி. ‘இவர் ஏமாத்தறார்’ என்று கத்தாமல், ‘அண்ணா, இங்க ஒரு சந்தேகமுங்க, கொஞ்சம் வாங்க’ என்றால் போதும். நடுவர் வந்ததும் சீட்டை யாரும் தொடக் கூடாது. கூப்பிட்டவர் முதலில், மற்றவர் அடுத்து, இடையில் யாரும் பேசாமல். நடந்தது என்ன என்று மட்டும் சொல்ல வேண்டும், மனசில் என்ன நினைத்தார் என்பது வேண்டாம். தன் தப்பைத் தானே சொல்லி நடுவரைக் கூப்பிடுகிறவரை மேசை மரியாதையாகப் பார்க்கும். பின்னால் நின்று ‘ச்சு’ கொட்டுகிற வேடிக்கைக்காரரை நடுவர் தயங்காமல் வெளியே அனுப்பலாம். அந்த ஒரு ‘ச்சு’ ஒரு சீட்டைக் காட்டிக்கொடுத்துவிடும்.

வயதாகிவிட்டது, விளையாட்டுக்குத்தானே என்று தளர்த்துகிறவர்களுக்கு ஒன்று: 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரிட்ஜ் ஜோடிப் பிரிவில் தங்கம் வாங்கிய நம் நாட்டு பிரணப் பர்தனுக்கு வயது 60, சிப்நாத் சர்க்காருக்கு 56.

ஏற்காட்டில் என்றால் கடைசிச் சுற்றைச் சாயங்காலம் நாலு மணிக்குள் தொடங்கிவிடுங்கள். இருட்டும் முன் இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்க வேண்டும் என்ற அவசரத்தில்தான் புள்ளியைத் தப்பாகக் கூட்டி, சரிபார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டி ஏறுகிறார்கள். முடிவை ஒட்டியதிலிருந்து அரை மணி நேரம் திருத்தம் கேட்கலாம் என்று முதல் சுற்றுக்கு முன்பே சொல்லிவிடுங்கள், அதுவரை கோப்பையை மேசையில் எடுத்து வைக்காதீர்கள்.